எண்ணெய்ப் பாக்கெட்டிலிருந்து கருங்கடல் வரை: ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்

எட்டாம் வகுப்புக்குத் தமிழையும் சமூக அறிவியலையும் சேர்த்து நடத்துகிறேன். உலகச் செய்திகளை வகுப்புக்குக் கொண்டுவருவது பற்றி ஆசிரியர்கள் கேட்டவை இவை.

உக்ரைன் போரை எங்கிருந்து தொடங்குவது, டீச்சர்?

சமையலறையிலிருந்து. சூரியகாந்தி எண்ணெய்ப் பாக்கெட் ஒன்றை மேசை மீது வையுங்கள். போருக்கு முன் இந்தியா வாங்கிய சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைனிலிருந்துதான் வந்தது. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா படையெடுத்தது. கருங்கடல் துறைமுகங்கள் முடங்கின. இங்கே விலை ஏறியது. அப்புறம் அட்லஸை விரித்து, உக்ரைனின் ஒடெசா துறைமுகத்திலிருந்து சென்னை வரை விரலை ஓட்டச் சொல்லுங்கள். பாஸ்போரஸ் நீரிணை, சூயஸ் கால்வாய், செங்கடல் என்று குறுகலான வழிகளில் விரல் நுழைந்து நுழைந்து வரும். "இதில் ஒன்றை அடைத்தாலே போதுமா டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அதை அப்படியே பலகையில் எழுதிவைத்து, அடுத்த வகுப்பை அங்கிருந்தே தொடங்கினேன்.

சரி, இதில் தமிழ் எங்கே வருகிறது? ஒரு கட்டுரை எழுதச் சொன்னால் போதாதா?

போதாது. இலக்கணம் உயிரோடு இருப்பதைக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது. மூன்று வாக்கியங்களைப் பலகையில் எழுதுங்கள்:

"பள்ளியில் குண்டு விழுந்தது."
"பள்ளி மீது குண்டு வீசப்பட்டது."
"பள்ளி மீது படையினர் குண்டு வீசினர்."

நிகழ்ச்சி ஒன்றுதான். முதல் வாக்கியத்தில் குண்டு தானாக விழுந்ததுபோல இருக்கிறது. இரண்டாவதில் யாரோ வீசியிருக்கிறார்கள், ஆனால் ஆளைக் காணோம். மூன்றாவதில்தான் வீசியவர் எழுவாயாக வந்து நிற்கிறார். செயப்பாட்டுவினை எதற்கு என்று அதன்பின் யாரும் கேட்பதில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: முதல் செய்தி வரும்போது வீசியது யார் என்று நிருபருக்கே தெரியாமல் இருக்கலாம். செய்தவரைச் சொல்லாத வாக்கியமெல்லாம் மறைப்பு ஆகிவிடாது. இரண்டு நாளிதழ்களில் ஒரே செய்தியை எடுத்து எழுவாயை அடிக்கோடிடச் சொல்லுங்கள். மீதியை அவர்களே பேசுவார்கள்.

பாடத்தை முடிக்கவே நேரமில்லையே?

வாரம் ஒரு பீரியட் போதும். செய்வினை, செயப்பாட்டுவினையை எப்படியும் நடத்தத்தானே வேண்டும்?

பெற்றோர் "அரசியல் பேசுகிறீர்கள்" என்றால்?

பிள்ளையின் நோட்டைக் காட்டுங்கள். வரைபடமும் அடிக்கோடிட்ட வாக்கியங்களும் அதில் இருக்கும். உங்கள் கருத்தை முதலில் சொல்லாதீர்கள். சொன்னால் பிள்ளைகள் அதையே திருப்பி எழுதிவிடுவார்கள்.

ஒரு மாணவனின் அண்ணன் உக்ரைனில் மருத்துவம் படித்துத் திரும்பியவர். அவனைப் பேசச் சொல்லலாமா?

திடீரென்று எழுப்பாதீர்கள். நான் ஒருமுறை ஒரு மாணவனை அப்படி எழுப்பினேன். அவன் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே நின்றான். இன்றும் எனக்கு அது உறுத்துகிறது. முதலில் தனியாகக் கேளுங்கள். சம்மதித்தால் வகுப்பே அண்ணனுக்குக் கடிதம் எழுதட்டும். எதற்குப் பதில் சொல்வது என்பதை அவர் முடிவு செய்துகொள்வார்.