முப்பது நடக்கும் மகளுக்கு ஜெர்மனியா, நெதர்லாந்தா?

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் கடிதமும், மகளுக்கு வந்திருக்கும் இரண்டு பணி நியமனக் கடிதங்களின் நகல்களும் கிடைத்தன. சென்னையில் ஐந்தாண்டுகளாக வாகன மின்னணு மென்பொருள் துறையில் பணியாற்றும் பி.இ. பட்டதாரிப் பெண்ணுக்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் அருகே ஆண்டுக்கு 51,000 யூரோவும், நெதர்லாந்தின் ஐந்தோவனில் மாதம் 4,400 யூரோவும் சம்பளமாகச் சொல்லியிருக்கிறார்கள். 'எந்த நாடு நல்ல நாடு?' என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த நாடு நல்லது என்பதற்கு என்னிடம் விடை கிடையாது. அங்கே தங்கி வேலை செய்யும் அனுமதி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அந்தப் பிடி விட்டுப்போனால் மகளுக்கு எத்தனை நாள் அவகாசம் கிடைக்கும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஐரோப்பாவின் அனுமதிகளுக்குள் பெரிய வேறுபாடு இருப்பதும் அங்கேதான்.

முதலில் வயதைப் பற்றி ஒரு சொல். 'மகளுக்கு 30 நடக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். நம் வீடுகளில் 29 முடிந்த மறுநாளிலிருந்தே 30 நடப்பதாகக் கணக்கு. நெதர்லாந்தின் குடிவரவுத் துறையான ஐ.என்.டி. நிறைந்த வயதை மட்டுமே கணக்கில் கொள்ளும். வழக்கமாக இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. தங்கள் மகள் விஷயத்தில் இந்த ஒரு வயது, மாதம் ஆயிரத்து ஐந்நூறு யூரோவுக்கு மேல் பெறுமானம் உள்ளது.

காரணத்தைச் சொல்கிறேன். நெதர்லாந்தில் 2004 முதல் நடைமுறையில் இருக்கும் 'கென்னிஸ்மிக்ரான்ட்' எனப்படும் உயர்திறன் பணியாளர் அனுமதி, முழுக்க முழுக்கச் சம்பளத்தையும் நிறுவனத்தையும் வைத்து வழங்கப்படுவது. பட்டச் சான்றிதழை அவர்கள் பெரிதாகச் சோதிப்பதில்லை. உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நிறுவனம் ஐ.என்.டி.யின் அங்கீகரிக்கப்பட்ட பொறுப்பாளர் பட்டியலில் இருக்க வேண்டும், சம்பளம் அந்த ஆண்டின் வரம்பைத் தொட வேண்டும், அவ்வளவுதான். 2026-ஆம் ஆண்டுக்கான வரம்பு, 30 வயது நிறையாதவர்களுக்கு மாதம் 4,357 யூரோ. 30 நிறைந்தவர்களுக்கு 5,942 யூரோ. தங்கள் மகளுக்கு வந்திருக்கும் 4,400 யூரோ முதல் வரம்பை 43 யூரோ வித்தியாசத்தில் தாண்டுகிறது, இரண்டாவதை எட்டவேயில்லை. ஆகவே அவர் 30 நிறைவதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

அந்த 4,400 யூரோவையும் ஒரு முறை உரசிப் பார்க்க வேண்டும். நெதர்லாந்தில் ஆண்டுதோறும் சம்பளத்தில் 8 விழுக்காடு விடுமுறைப் படியாக, பெரும்பாலும் மே மாதத்தில், தனியாக வழங்கப்படும். வரம்புக் கணக்கில் அந்தப் படி சேராது. நியமனக் கடிதத்தில் இருக்கும் 4,400 யூரோ விடுமுறைப் படியை உள்ளடக்கிய தொகையாக இருந்தால், அதை விலக்கிய சம்பளம் சுமார் 4,074 யூரோதான், விண்ணப்பம் நிராகரிக்கப்படும். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இதைப் பற்றிய வரி தெளிவாக இல்லை. மகளை உடனே நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு எழுதி, படி நீங்கலாக 4,400 யூரோதானா என்று எழுத்தில் உறுதி பெறச் சொல்லுங்கள்.

முப்பது வயதுக்கு முன் குறைந்த வரம்பில் அனுமதி பெற்றவர், அதே நிறுவனத்தில் தொடரும் வரை பிறந்தநாளால் பாதிக்கப்படுவதில்லை. நிறுவனம் மாறும்போதுதான் சிக்கல். என்னிடம் ஆலோசனை பெற்றுச் சென்ற கோவை மாணவர் ஒருவர் 28 வயதில் நெதர்லாந்து போனார். 2024-இல், அவருக்கு 31 வயதானபோது, ஆட்குறைப்பில் வேலை போயிற்று. வேறு வேலை தேட அங்கே தரப்படும் மூன்று மாத அவகாசத்தில் ஆறு வாரங்களுக்குள்ளாகவே அவர் வேறு வேலை தேடிக்கொண்டார். சம்பளம் மாதம் 4,900 யூரோ, முன்பு வாங்கியதைவிட அதிகம். ஆனால் அந்த ஆண்டு 30 வயது நிறைந்தோருக்கான வரம்பு 5,331 யூரோ. 431 யூரோ குறைந்ததால் அந்த நிறுவனம் அவருக்கு அனுமதி கேட்டு விண்ணப்பிக்கவே முடியவில்லை. ஏறக்குறைய அதே சம்பளத்தில் எல்லைக்கு அப்பால், ஆஹன் நகரில் ஒரு ஜெர்மன் நிறுவனம் அவரை எடுத்துக்கொண்டது. ஜெர்மனியில் அவ்வாண்டு, பட்டதாரிப் பணியாளர்களுக்கான ஐரோப்பிய அனுமதி அட்டையான ப்ளூ கார்டுக்குரிய பொது வரம்பு ஆண்டுக்கு 45,300 யூரோ. அவருக்கு வந்ததோ 58,000 யூரோவுக்கு மேல். ஒரு மணி நேரப் பயணத்துக்கு இப்புறம் போதாத சம்பளம் அப்புறம் தாராளமாகப் போதுமானதாயிற்று.

இனி ஜெர்மனி. ஐரோப்பிய ஒன்றியத்தின் ப்ளூ கார்டு 2009-இல் ஒரு வழிகாட்டு ஆணையாக வந்தது. 2021-இல் அது திருத்தப்பட்டு, உறுப்பு நாடுகள் 2023 நவம்பர் 18-க்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. டென்மார்க்கும் அயர்லாந்தும் இதில் சேரவில்லை. இது மொத்த ஐரோப்பாவுக்குமான ஒரே அட்டை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆணை ஒன்றுதான் என்றாலும், சம்பள வரம்பை ஒவ்வொரு நாடும் தானே வகுத்துக்கொள்கிறது. ஜெர்மனியின் அட்டையோடு போய் பிரான்சில் நேரே வேலையில் சேர்ந்துவிட முடியாது. ஓராண்டு கழிந்த பிறகு வேறு உறுப்பு நாட்டுக்கு எளிதான முறையில் மாறலாம். அங்கும் அந்த நாட்டு வரம்பைத் தொட்டு, அந்த நாட்டு அட்டையை வாங்க வேண்டும்.

ஜெர்மனியில் 2026-க்கான பொது வரம்பு 50,700 யூரோ. ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கும், பட்டம் பெற்று மூன்றாண்டுகளுக்குள் இருப்பவர்களுக்கும் 45,934 யூரோ 20 சென்ட். பொறியியலும் தகவல் தொழில்நுட்பமும் பற்றாக்குறைப் பட்டியலில் உள்ளவை. மகளின் 51,000 யூரோ பொது வரம்பையே தாண்டிவிடுகிறது. ஆயினும் அதில் எவ்வளவு நிலையான சம்பளம், எவ்வளவு செயல்திறனைப் பொறுத்த போனஸ் என்று பாருங்கள். வரும் என்ற உறுதியில்லாத போனஸ் கணக்கில் சேராது. நிலையான பகுதி 50,700-க்குக் கீழே இருந்தாலும் கவலை வேண்டாம், குறைந்த வரம்பில் விண்ணப்பிக்கலாம். அப்போது கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதல் கூடுதலாகத் தேவைப்படும், சில வாரங்கள் தள்ளிப்போகலாம். நெதர்லாந்தில் 43 யூரோவில் தொங்குவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்: இங்கே ஒரு படி சறுக்கினாலும் கீழே இன்னொரு படி இருக்கிறது.

ஜெர்மனி பட்டத்தைப் பார்க்கும். 'அனாபின்' என்ற இணையத் தரவுத்தளத்தில் பட்டம் வழங்கிய பல்கலைக்கழகமும், பட்டத்தின் வகையும் ஏற்கப்பட்டவையாக இருக்கின்றனவா என்று தேட வேண்டும். தேடும்போது கல்லூரியின் பெயரைப் போட்டுவிட்டு 'எங்கள் கல்லூரி இல்லையே' என்று பதறிப்போய் வருகிறவர்கள் ஏராளம். இணைப்புக் கல்லூரியில் படித்திருந்தாலும் பட்டத்தை வழங்கியது பல்கலைக்கழகம் என்பதை மறந்துவிடுகிறார்கள். தெளிவு இல்லாவிட்டால் 208 யூரோ கட்டணத்தில் பட்ட ஒப்பீட்டுச் சான்று வாங்கிக்கொள்ளலாம்.

வேலை போனால் என்ன ஆகும் என்று தாங்கள் கேட்கவில்லை. தங்கள் மனைவி கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். ப்ளூ கார்டு வைத்திருப்பவர் வேலை இழந்தால், இரண்டாண்டுக்குக் குறைவாக அட்டை வைத்திருந்தவருக்குக் குறைந்தது மூன்று மாதமும், அதற்கு மேல் வைத்திருந்தவருக்கு ஆறு மாதமும் வேலை தேட அவகாசம் தர வேண்டும் என்பது ஒன்றிய ஆணை. ஜெர்மனியில் முதல் 12 மாதங்களுக்குள் நிறுவனம் மாறினால் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு அந்தக் கட்டும் இல்லை. இரண்டு நாடுகளிலும் தகுதிகாண் காலம் உண்டு. ஜெர்மனியில் அது பெரும்பாலும் ஆறு மாதம், அந்தக் காலத்தில் இரண்டு வார முன்னறிவிப்பில் விலக்கலாம். நெதர்லாந்தில் தகுதிகாண் காலம் அதிகபட்சம் இரண்டு மாதமே. ஆனால் ஐந்தோவன் ஒப்பந்தம் ஓராண்டுக்கானது என்று நகலில் பார்த்தேன். அனுமதியின் காலமும் ஒப்பந்தக் காலத்தை ஒட்டியே இருக்கும். ஸ்டுட்கார்ட் ஒப்பந்தம் காலவரையறையற்றது.

நிரந்தர வசிப்புரிமையில் ஜெர்மனி வெகுதூரம் முன்னால் நிற்கிறது. ப்ளூ கார்டில் 27 மாதம் வேலை செய்து, ஓய்வூதியப் பங்களிப்பும் செலுத்தி, ஏ1 எனப்படும் தொடக்க நிலை ஜெர்மன் தெரிந்தால் போதும். ஏ2-வுக்கு அடுத்த இடைநிலையான பி1 தெரிந்தால் 21 மாதம். நெதர்லாந்தில் ஐந்தாண்டுகளும், டச்சு மொழியை உள்ளடக்கிய குடிமையியல் தேர்வும் வேண்டும். பி1 என்பது விளையாட்டில்லை, வேலைக்குப் போய்க்கொண்டே படித்தால் ஒன்றரை ஆண்டு பிடிக்கும். சென்னையிலேயே ஏ2 வரை முடித்துவிட்டுப் போனவர்கள் எளிதாகக் கரையேறியிருக்கிறார்கள்.

பணத்தைப் பொறுத்தவரை நெதர்லாந்துக்குத்தான் சாதகம், அதை மறைக்கக் கூடாது. தனியாளாகக் கணக்கிட்டால் 51,000 யூரோ ஆண்டுச் சம்பளத்தில் ஜெர்மனியில் பிடித்தம் போக மாதம் சுமார் 2,700 யூரோ கையில் வரும். மருத்துவக் காப்பீடு அந்தப் பிடித்தத்திலேயே அடங்கிவிடும். நெதர்லாந்தில் 3,300 யூரோவுக்கு அருகில் வரும். அதிலிருந்து காப்பீட்டுக்கு மாதம் 150 யூரோவுக்கு மேல் தானே கட்ட வேண்டும், சிகிச்சை பெற்றால் ஆண்டுக்கு முதல் 385 யூரோவும் பெரும்பாலும் அவர் பொறுப்பு. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டவர்களுக்கான வரிச்சலுகை ஒன்றும் அங்கே உண்டு. சம்பளத்தில் 30 விழுக்காடு வரை, 2027 முதல் 27 விழுக்காடு வரை, வரியில்லாமல் பெறலாம், அதிகபட்சம் ஐந்தாண்டு. அதற்கும் தனியே ஒரு சம்பள வரம்பு இருப்பதால், முதுநிலைப் பட்டம் இல்லாத தங்கள் மகளுக்கு அது முழுமையாகக் கிடைக்காது. ஐந்தோவனில் வாடகை வீடு கிடைப்பது பெரும்பாடு. முதல் இரண்டு மாதத் தங்குமிடத்தை நிறுவனம் ஏற்பாடு செய்யுமா என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

மற்ற நாடுகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை; அங்கிருந்து மகளுக்கு அழைப்பு எதுவும் வரவில்லை. ஆங்கிலம் மட்டும் போதும் என்றால் அயர்லாந்தின் முக்கியத் திறன் அனுமதி நல்ல வழிதான்: பட்டியலில் உள்ள தொழிலில் பட்டதாரிக்கு 2026 மார்ச் முதல் 40,904 யூரோ வரம்பு, ஏறக்குறைய இரண்டாண்டில் அனுமதிச் சீட்டு தேவைப்படாத நிலைக்கு மாறலாம், கணவருக்கும் உடனே வேலை செய்யும் உரிமை உண்டு. பிரிட்டனில் 2025 ஜூலை முதல் பொது வரம்பு 41,700 பவுண்டு. விதிகள் அடிக்கடி மாறுவதால் இப்போதைக்கு நான் யாரையும் அங்கே அனுப்புவதில்லை. சுவிட்சர்லாந்தில் சம்பளம் கொழிக்கும். ஆனால் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு ஆண்டுக்கு 8,500 அனுமதிகள் என்ற ஒதுக்கீடு இருக்கிறது.

தங்கள் இளைய மகனுக்கு நான்கு லட்சம் ரூபாயில் 'ப்ளூ கார்டு வாங்கித் தருகிறேன்' என்று ஒருவர் சொல்லியிருப்பதையும் எழுதியிருந்தீர்கள். பணி ஒப்பந்தம் இல்லாமல் ப்ளூ கார்டு கிடையாது. அதை யாரும் விற்க முடியாது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் பதிவுபெற்ற முகவர் இந்தியாவில் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். வேலை இல்லாமலே போய்த் தேடுவதற்கு ஜெர்மனி 2024 ஜூன் முதல் வழங்கும் 'சான்சன்கார்ட்டே'யைத்தான் அவர் வேறு பெயரில் சொல்கிறார் என்று தோன்றுகிறது. அதற்கு மாதம் 1,091 யூரோ வீதம் ஓராண்டுச் செலவுக்கான தொகையைக் காட்ட வேண்டும். போன பிறகு வாரம் 20 மணி நேரம் மட்டும் பகுதிநேர வேலை செய்யலாம். இன்னும் படிப்பை முடிக்காத பிள்ளைக்கு அது இப்போது வேண்டாம்.

பிற்காலத்தில் தாங்கள் இருவரும் மகளோடு போய் இருக்க முடியுமா என்று கடைசி வரியில் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். தயங்க வேண்டியதில்லை, நியாயமான கேள்வி. 2024 மார்ச் 1 அல்லது அதற்குப் பிறகு முதன்முதலாக அனுமதி பெற்ற திறன்மிகு பணியாளர்கள், தங்கள் பெற்றோரை வரவழைக்க ஜெர்மனி சட்டத்தில் இடம் தந்திருக்கிறது. வாழ்க்கைச் செலவையும் மருத்துவக் காப்பீட்டையும் உறுதிப்படுத்தினால்தான் அது நடக்கும். முதியவர்களுக்குக் காப்பீடு கிடைப்பதுதான் உண்மையான தடை. நெதர்லாந்தில் இப்படி ஒரு தனி ஏற்பாடு இல்லை. இரு நாடுகளுக்கும் பார்வையாளராக, எந்த 180 நாளிலும் 90 நாள் வரை, தாங்கள் போய் வரலாம்.

என் கருத்து ஸ்டுட்கார்ட் பக்கம்தான். மாதம் 400 யூரோவுக்கு மேல் குறைவாக வந்தாலும், ஒப்பந்தம் காலவரையறையற்றது, வயது ஒரு தடையில்லை, பி1 தேறினால் இரண்டாண்டுக்குள் நிரந்தர உரிமை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஐந்தோவன் நிறுவனம் ஒப்பந்தத்தைக் காலவரையறையற்றதாக மாற்றித் தர முன்வந்தால் என் கருத்தையும் மாற்றிக்கொள்வேன். அங்கிருக்கும் வேலைதான் மகளுக்குப் பிடித்த வேலை என்றால், இந்தக் கணக்குகளை எல்லாம் அவரிடம் காட்டிவிட்டு முடிவை அவரிடமே விட்டுவிடுங்கள்.

நெதர்லாந்து என்று முடிவானால், விடுமுறைப் படி பற்றி நிறுவனம் அனுப்பும் பதிலையும், கடவுச்சீட்டில் உள்ள பிறந்த தேதியையும் உடனே எனக்கு அனுப்பி வையுங்கள். விண்ணப்பம் எந்த நாளுக்குள் போய்ச் சேர வேண்டும் என்று குறித்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் ஆலோசகர்