வேலிக் கத்தாழையில் காசு இருக்குதுங்களா?

கே: எங்கள் தோட்டத்து வேலியோரம் நாற்பது ஐம்பது தூறு கத்தாழை நிற்கிறதுங்க. நார் எடுத்து விற்றால் நல்ல காசு என்று ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, நாற்று வாங்கி ஒரு ஏக்கரில் நடப்போகிறேன் என்கிறார் வீட்டுக்காரர். நடலாமா?
– ஒரு வாசகி, காங்கயம்

ப: முதலில் அவரை ஒரே ஒரு மடலை வெட்டி, பலகையில் வைத்து மழுங்கின கத்தியால் சீவச் சொல்லுங்கள், சாறு கையில் பட்டு நமநமவென்று அரிக்கும்போது பாதி ஆசை போய்விடும். மீதி ஆசைக்குக் கணக்குச் சொல்கிறேன்: 100 கிலோ மடல் வெட்டிச் சுமந்தால் காய்ந்த நார் 4 கிலோ தேறினால் பெரிது. மடலும் வெட்டின சூட்டோடு சீவியாக வேண்டும், வாடிவிட்டால் நார் சுலபத்தில் பிரியாது. அதனால் நார் உரிக்கும் மிஷின் பக்கத்திலேயே இல்லாமல் ஏக்கர் கணக்கில் நடுவது வீண். நட்டாலும் முதல் வெட்டுக்கு ரெண்டு மூணு வருஷம் ஆகும்.

அப்புறம், நாற்றுக்கு எதற்குங்க காசு? மடல் ஓரத்தில் முள் இல்லாமல் நுனியில் மட்டும் கறுப்பாக ஒரு முள் இருந்தால் உங்களுடையது சிசல் என்கிற நார்க்கத்தாழைதான், மெக்சிகோவில் பிறந்தது. ஏழெட்டு வருஷத்தில், சிலது பத்து வருஷத்தில், ஒரே ஒரு தடவை இருபதடி உயரத்துக்குக் கம்பம் விட்டுப் பூத்துச் செத்துப்போகும், ஆனால் சாகும் முன்னே அந்தக் கம்பத்திலேயே நூற்றுக்கணக்கில் குட்டிச்செடிகளை உதிர்த்துவிடும். 1893-ல் ஒரு ஜெர்மன்காரர் இன்றைய தான்சானியாவுக்கு 1,000 குட்டிகளை வரவழைத்தார், உயிரோடு போய்ச் சேர்ந்தது 62. அந்த நாட்டுச் சிசல் தோட்டங்கள் எல்லாம் அதிலிருந்து பெருகினவைதான்!

இருக்கிற தூறில் அடிமடல்களை மட்டும் வெட்டி, சீவி, அலசி, வெயிலில் உலர்த்தி மாட்டுக்குத் தலைக்கயிறு திரியுங்கள். குளத்தில் ஊறப்போட வேண்டாம், தண்ணீர் நாறிப்போகும்.

கே: இதே மடலை முகத்தில் பூசலாமா?
– கல்லூரி மாணவி, தாராபுரம்

ப: ஐயோ, வேண்டாம் கண்ணு! நீ நினைப்பது சோற்றுக்கத்தாழை. மேலே அரிப்பைப் பற்றி எழுதியதை இன்னொரு தடவை படி.