9-0 முன்னிலையில் பத்தாவது கோலைக் கொண்டாடலாமா?

கேள்வி: பதினாறு வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்து அணியின் பயிற்சியாளர் நான். வெளிநாட்டுத் தொடரில் ஒரு குழுநிலை ஆட்டத்தை 10-0 என்று ஜெயித்தோம். கடைசி கோலுக்கும் பிள்ளைகள் கட்டிப்பிடித்துத் துள்ளினார்கள். "பெண் பிள்ளைகளுக்கு இவ்வளவு ஆட்டம் கூடாது" என்று எதிரணித் தரப்பில் புகார். இனி இப்படி முன்னிலை பெற்றால் கோல் அடிப்பதைக் குறைக்கச் சொல்லட்டுமா?

பதில்: கோலைக் குறைக்கச் சொல்லாதீர்கள். கொண்டாட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசி வையுங்கள். புகார் சொன்னவர் இரண்டையும் போட்டுக் குழப்பி, போதாததற்குப் 'பெண் பிள்ளைகள்' என்பதையும் சேர்த்துவிட்டார்.

இந்தப் பஞ்சாயத்து 2019 பெண்கள் கால்பந்து உலகக் கோப்பையிலேயே நடந்தது. தாய்லாந்தை அமெரிக்கா 13-0 என்று வென்றது. இடைவேளையில் 3-0தான், மீதிப் பத்தும் இரண்டாம் பாதியில் விழுந்தன. அலெக்ஸ் மார்கன் மட்டும் ஐந்து அடித்தார். கடைசி வரை கொண்டாடியதற்குத் திட்டு விழுந்தது. திட்டியவர்களில் கனடாவின் முன்னாள் வீராங்கனைகளும் உண்டு. ஆகவே எல்லாமே ஆண்களின் பொறாமை என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். அந்தத் தொடரில் புள்ளிகள் சமமானால் முதலில் பார்ப்பது கோல் வித்தியாசம், அதாவது அடித்த கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள வித்தியாசம். மூன்றாம் இடத்தில் முடித்த ஆறு அணிகளில் நான்கு அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்பதால், வேறு குழு அணிகளின் தலையெழுத்தும் இதில் அடங்கியிருந்தது. நீங்கள் இரக்கப்பட்டுக் கோல் அடிக்காமல் விட்டால் எதிரணியின் கோல் வித்தியாசம் தேறிவிடும்; அதன் விலையைச் சம்பந்தமே இல்லாத இன்னொரு அணி கட்ட நேரிடும். தவிர, எதிராளி பாவம் பார்த்துப் பந்தை உருட்டிக்கொண்டிருப்பது களத்தில் நிற்பவளுக்கு நன்றாகவே தெரியும். தோல்வியைவிட அதுதான் வலிக்கும்.

2014 உலகக் கோப்பையில் ஜெர்மனியின் ஆண்கள் அணி பிரேசிலை 7-1 என்று நொறுக்கியது. இடைவேளையிலேயே 5-0. இனி வித்தை காட்டி அவமானப்படுத்துவதில்லை, ஆனால் ஒழுங்காக ஆடுவது என்று அப்போதே பேசிக்கொண்டதாக ஜெர்மனி வீரர் மாட்ஸ் ஹும்மல்ஸ் பிறகு சொன்னார். நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். கோல் அடிக்கட்டும். ஏழெட்டு கோல் முன்னிலை வந்த பிறகு ஒத்திகை பார்த்த நடனம், விரல் விட்டு எண்ணுவது, எதிரணி பெஞ்சின் முன்னால் போய்க் கத்துவது எல்லாம் வேண்டாம். ஆனால் முதல் சர்வதேச கோல் அடித்த சிறுமி துள்ளினால் விட்டுவிடுங்கள். அவளுக்கு அது பத்தாவது கோல் அல்ல.

விதிப்புத்தகத்தில் கோல் எண்ணிக்கைக்கு வரம்பே கிடையாது. சட்டையைக் கழற்றினால் மஞ்சள் அட்டை, எதிராளியைச் சீண்டும் சைகைக்கும் மஞ்சள் அட்டை. 2022 பெண்கள் யூரோ (ஐரோப்பியக் கோப்பை) இறுதியில் வெற்றி கோல் அடித்துச் சட்டையைக் கழற்றிச் சுழற்றிய இங்கிலாந்தின் கிளோயி கெல்லி அதை வாங்கிக்கொண்டார். ஆணுக்கும் அதே அட்டைதான்.

அப்புறம், 'இரட்டை அளவுகோல்' என்ற வாதத்தை அளவாகப் பயன்படுத்துங்கள். இதே செயலைப் பையன்கள் அணி செய்திருந்தால் இந்தப் புகார் வந்திருக்குமா என்று கேட்டுப் பாருங்கள். 2019 அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராகக் கோல் அடித்த மார்கன், சுண்டுவிரலை நீட்டித் தேநீர் உறிஞ்சுவதுபோல் காட்டினார். அதற்கு எழுந்த கூச்சல் ஓர் ஆணுக்கு எழுந்திருக்காது என்பதே என் கணிப்பு. ஆனால் 2023 உலகக் கோப்பையில் நைஜீரிய வீராங்கனையை மிதித்து இங்கிலாந்தின் லாரன் ஜேம்ஸ் சிவப்பு அட்டை வாங்கியதற்கு இந்த வாதம் செல்லாது. மிதி என்றால் மிதிதான்.

புகாருக்கு என்ன பதில் என்கிறீர்களா? தாய்லாந்து அடுத்த ஆட்டத்தில் ஸ்வீடனிடம் 0-4 என்று பின்தங்கியிருந்தபோது, தொண்ணூறு நிமிடம் தாண்டிய பிறகு காஞ்சனா சங்நோயன் ஒரு கோல் அடித்தார். மேலாளர் கண்ணீர் விட்டு அழுதார், பெஞ்சே கொண்டாடியது. யாரும் குறை சொல்லவில்லை. உங்களிடம் புகார் சொன்னவரிடம் இதைச் சொல்லிவிட்டு, கடைசியில் துள்ளியது யாருடைய எத்தனையாவது கோலுக்கு என்பதையும் சொல்லுங்கள்.