வாசகர் கேள்வி-பதில்: கருவி ‘சரி’ என்கிறது, கண் ஏற்க மறுக்கிறது

நிறத்தையும் பளபளப்பையும் அளக்கும் கைக்கருவிகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: கறுப்பு ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் கருவிப் பெட்டிகளுக்கான மூடிகளை வார்க்கிறோம். மாஸ்டர்பேட்ச் (பிளாஸ்டிக்கில் சேர்க்கும் நிறமிச் செறிவு) ஒன்றே, இயந்திரமும் ஒன்றே. ஆனால் ஓர் அச்சு நன்கு மெருகேற்றப்பட்டது. மற்றொன்று சொரசொரப்பான டெக்ஸ்சர் கொண்டது. இரண்டு மூடிகளுக்கும் இடையே டெல்டா ஈ, அதாவது நிற வேறுபாட்டைக் குறிக்கும் எண், 0.3 என்றுதான் கைக்கருவி காட்டுகிறது. அருகருகே வைத்துப் பார்த்தாலோ சொரசொரப்பான மூடி பளிச்சென்று வெளிறித் தெரிகிறது. கருவி பழுதாகிவிட்டதா?

பதில்: பழுது எதுவும் இல்லை. உங்கள் கருவி உட்புறம் வெண்பூச்சிட்ட கோளத்தைக் கொண்ட வகையாக இருக்க வேண்டும். அதில் ‘எஸ்சிஐ’ (நேரெதிரொளிப்பைச் சேர்த்து அளப்பது) என்ற முறையைத் தேர்ந்தெடுத்து அளந்திருக்கிறீர்கள் என்பதை நீங்கள் எழுதியுள்ள எண்ணே காட்டிக்கொடுக்கிறது. பிளாஸ்டிக்கின் மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதம் உள்ளே நுழையாமல் மேற்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது. மெருகான மூடியில் அது கண்ணாடியில் பட்டதுபோல் ஒரே திசையில் செல்கிறது. சொரசொரப்பான மூடியில் எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. எஸ்சிஐ முறையில் கோளம் இந்த 4 சதவீதம் முழுவதையும், அது எந்தத் திசையில் சென்றாலும், சேர்த்தே கணக்கிடுகிறது. ஆகவே இரண்டு மூடிகளிலும் நிறமி ஒன்றுதான் என்ற உண்மையைக் கருவி சரியாகவே சொல்லியிருக்கிறது.

மனிதர் அப்படிப் பார்ப்பதில்லை. மெருகான மூடியைக் கையில் எடுப்பவர், விளக்கின் பிம்பம் கண்ணில் படாதபடி அதைத் தம்மையறியாமலேயே சற்றுத் திருப்பிக்கொள்கிறார். உடனே அது ஆழ்ந்த கறுப்பாகத் தெரிகிறது. சொரசொரப்பான மூடியை எப்படித் திருப்பினாலும் சிதறிய ஒளியில் ஒரு பங்கு கண்ணுக்கு வந்துகொண்டே இருக்கும். வெறும் 4 சதவீதம்தானே என்று எண்ணிவிட வேண்டாம். எதிரொளிப்பு 4 சதவீதமாக இருந்தால் சர்வதேச ஒளியியல் ஆணையத்தின் (சிஐஇ) அளவுகோலில் ஒளிர்வைக் குறிக்கும் எல் மதிப்பு ஏறத்தாழ 24 ஆகிவிடும். முழுக் கறுப்பு 0, தூய வெள்ளை 100. கறுப்பிலும் கருநீலத்திலும் இந்தச் சிக்கல் பெரிதாகவும், வெளிர்நிறங்களில் சிறிதாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

உங்கள் கருவியில் ‘எஸ்சிஇ’ முறையும் இருந்தால் அதிலும் ஒருமுறை அளந்து பாருங்கள். நேரெதிரொளிப்பு விலக்கப்படுவதால் கண் காணும் வேறுபாடு அங்கே எண்ணாக வந்து நிற்கும். 45 பாகையில் ஒளியூட்டி நேர்மேலிருந்து பார்க்கும் வகைக் கருவியும் கண்ணின் தீர்ப்புக்கு நெருக்கமாகவே பேசும். கலவை சரியா என்று அறிய எஸ்சிஐ, பொருத்தியபின் பொருள் எப்படித் தெரியும் என்று அறிய மற்ற இரண்டில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அளந்த முறையைக் குறிப்பிடாத அறிக்கையை, எங்கள் கருத்தில், வாங்கவே கூடாது.

கேள்வி: விலை குறைந்த கலரிமீட்டர் போதுமா, ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரே வேண்டுமா?

பதில்: ஒரே கலவையில் தயாராகும் பொருள் தொகுதிக்குத் தொகுதி மாறுகிறதா என்று மட்டும் பார்ப்பதானால் கலரிமீட்டர் போதும். அது கண்ணைப் போலவே மூன்று வடிகட்டிகளின் வழியே ஒளியைப் பார்த்து மூன்று எண்களைத் தருகிறது. நிறமியையோ, அதை வழங்குபவரையோ மாற்றும்போதுதான் ஆபத்து. ஒரு விளக்கின் கீழ் ஒன்றுபோல் தெரியும் இரு பொருள்கள் மற்றொரு விளக்கின் கீழ் வேறுபடலாம். இந்த ‘மெட்டாமெரிசம்’ கலரிமீட்டரின் கண்ணில் படுவதில்லை. ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரோ ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை, பெரும்பாலும் 10 நானோமீட்டர் இடைவெளியில், எதிரொளிப்பை அளந்து ஒரு வளைகோடாகத் தருகிறது. அந்த வளைகோடு கையில் இருந்தால், பகலொளியைக் குறிக்கும் டி65, இழைவிளக்கைக் குறிக்கும் ஏ, குழல்விளக்கு வகையான எஃப்11 ஆகிய மூன்றின் கீழும் நிற வேறுபாட்டைக் கணக்கிட்டுவிடலாம். இரண்டு வளைகோடுகள் ஒன்றையொன்று பல இடங்களில் வெட்டிக்கொண்டு சென்றால், டி65இல் வேறுபாடு எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் கலவையை நம்ப வேண்டாம்.

கேள்வி: எங்கள் சோதனைக்கூடத்தில் தேறிய அடர்மஞ்சள் பூச்சுத் தகடுகளை வாங்குபவர் திருப்பி அனுப்பிவிட்டார். இருவரிடமும் இருப்பது ஒரே நிறுவனத்தின் ஒரே வகைக் கருவிதான்.

பதில்: கருவியைச் சந்தேகிக்கும் முன் இரு தரப்பு அமைப்புகளையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள்: ஒளிமூலம், நோக்கர் கோணம் (கணக்கில் கொள்ளும் கண்ணின் பார்வைப் பரப்பு) 2 பாகையா 10 பாகையா, அளக்கும் துளையின் விட்டம், வேறுபாட்டு வாய்பாடு. உங்கள் வழக்கில் குற்றவாளி கடைசியில் சொன்னதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 1976ஆம் ஆண்டின் டெல்டா ஈ வாய்பாடு செறிவான நிறங்களில் வேறுபாட்டைப் பெரிதாக்கிக் காட்டும். அடர்மஞ்சளில் 2 அலகு வேறுபாட்டைக் கண் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாம். சாம்பலில் 1 அலகு வந்தாலே எவரும் கண்டுபிடித்துவிடுவார். பின்னர் வந்த சிஐஇடிஇ2000 வாய்பாடு இந்தக் கோணலைப் பெருமளவு நிமிர்த்துகிறது. ஒரு தரப்பு பழையதையும் மறுதரப்பு புதியதையும் பயன்படுத்திக்கொண்டு ‘எல்லை 1’ என்று ஒப்பந்தம் எழுதினால் தகராறு வராமல் எப்படி இருக்கும்?

அடுத்து, வெப்பம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறமிகள் பல, சூடு ஏறினால் நிறம் மாறக்கூடியவை. அடுப்பிலிருந்து வந்த தகட்டை ஆறுமுன் அளந்தால், மறுநாள் எண் மாறித்தான் இருக்கும். இன்னொன்று: நிறத்தைக் குறிக்கும் எல் (ஒளிர்வு), ஏ (பச்சை-சிவப்பு), பி (நீலம்-மஞ்சள்) எண்களை மின்னஞ்சலில் அனுப்பி அவற்றையே தரமாகக் கொள்வதைவிட, ஒரே மூலத் தகட்டிலிருந்து வெட்டிய துண்டுகளை இருவரும் வைத்துக்கொண்டு, அவரவர் கருவியில் தரத்தையும் மாதிரியையும் அடுத்தடுத்து அளந்து வேறுபாட்டை மட்டும் ஒப்பிடுவது மேல். கருவிக்குக் கருவி உள்ள பிழை அதில் பெரும்பாலும் கழிந்துவிடும்.

கேள்வி: பளபளப்புமானியில் 60 பாகையில் அளந்து, மங்கல் பூச்சுத் தகடுகளுக்கு 3, 4 என்று எண் பெறுகிறோம். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் வேறுபாடு எண்ணில் தெரியவில்லை. மேலும், 100 என்பது முழு எதிரொளிப்பா?

பதில்: இரண்டாவதை முதலில் பார்ப்போம். 100 என்பது சதவீதம் அல்ல. ஒளிவிலகல் எண் 1.567 கொண்ட, மெருகேற்றிய கறுப்புக் கண்ணாடியை 100 பளபளப்பு அலகு என்று வைத்துக்கொண்டு, மற்றப் பரப்புகளை அதனோடு ஒப்பிடுகிறோம். அந்தக் கண்ணாடி, பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 60 பாகையில் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 10 சதவீதத்தை மட்டுமே திருப்பி அனுப்புகிறது. 20 பாகையில் 5 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு, 85 பாகையிலோ 62 சதவீதத்தை நெருங்குகிறது. மெருகிட்ட உலோகத்தில் பல நூறு அலகு வருவதைப் பார்த்துக் கருவி கெட்டுவிட்டது என்று பதறுபவர்கள் இதை நினைவில் கொண்டால் போதும்.

ஐஎஸ்ஓ 2813, ஏஎஸ்டிஎம் டி523 ஆகிய தரநூல்களை ஒட்டிய நடைமுறை இது: முதலில் 60 பாகையில் அளக்க வேண்டும், எண் 70க்கு மேல் போனால் 20 பாகைக்கும், 10க்குக் கீழே வந்தால் 85 பாகைக்கும் மாற வேண்டும். உங்கள் தகடுகளுக்கு உரியது 85 பாகை. ஒளி அப்போது பரப்பைத் தழுவியே செல்வதால், 60 பாகையில் ஓர் அலகுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் வேறுபாடு அங்கே விரிந்துவிடும். தூரிகையோ உருளையோ போன திசைக்கு இணையாக ஒருமுறையும் குறுக்காக ஒருமுறையும் அளந்து பாருங்கள். எண்கள் வேறுபட்டால் திசையையும் அறிக்கையில் எழுதுங்கள்.

கேள்வி: வளைந்த புட்டியின் பளபளப்பை அளக்கலாமா?

பதில்: சாதாரணப் பளபளப்புமானியால் கூடாது. வளைவு ஒளிக்கற்றையை உணரியை விட்டு விலக்கிவிடும். எண் குறைவாகவே வரும். அதே பூச்சைத் தட்டையான தகட்டில் பூசி அதை அளப்பதே முறை.

கேள்வி: தினமும் காலையில் பளபளப்புமானியுடன் வந்த ஓட்டில் (மதிப்பு குறித்த தரத் தகட்டில்) அளவுதிருத்தம் செய்கிறோம். அப்படியிருந்தும் சில நாட்களாக எல்லாத் தகடுகளின் பளபளப்பும் உயர்ந்தே வருகிறது.

பதில்: ஓட்டைச் சாய்த்து விளக்கொளியில் பாருங்கள், பெரும்பாலும் விரல்ரேகை தெரியும். அழுக்கேறிய ஓடு ஒளியைக் குறைவாகத் திருப்புகிறது. கருவியோ அந்தக் குறைந்த ஒளியையே ஓட்டின் மீது எழுதியுள்ள மதிப்பாக எடுத்துக்கொள்வதால், அதற்குப்பின் அளக்கும் சுத்தமான தகடுகள் அனைத்துக்கும் எண் கூடிவிடுகிறது. அளவுதிருத்தத்தை ஏற்றுக்கொண்டதாகக் கருவி காட்டும். எச்சரிக்கை ஏதும் வராமலும் போகலாம். இழை உதிராத மென்துணியால் துடையுங்கள். தேய்க்கும் பொடி எதையும் அருகில் கொண்டுவராதீர்கள். ஓர் ஓட்டை இன்னொரு கருவிக்கு மாற்றிப் பயன்படுத்துவதும் வேண்டாம். அதன் மதிப்பு அதனுடன் வந்த கருவியில்தான் பதிந்திருக்கும். அளவுதிருத்தம் செய்யும் ஓட்டைத் தவிர, மதிப்பு தெரிந்த மற்றோர் ஓட்டையும் வைத்துக்கொண்டு, திருத்தம் முடிந்த கையோடு அதை அளந்து பதிவேட்டில் எழுதிவந்தால், முதல் ஓடு அழுக்கானதோ கீறல் விழுந்ததோ அன்றே தெரிந்துவிடும்.