மாடிஃபை செய்த தார்: எக்ஸ்சேஞ்ச் விடலாமா, வெளியே விற்கலாமா?

கேள்வி: 2021 மார்ச்சில் மஹிந்திரா தார் எல்எக்ஸ் டீசல், ஹார்டு டாப், ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கினேன். ஆன்ரோடு சுமார் 16 லட்சம். இப்போது மீட்டரில் 58,000 கி.மீ. முதல் ஓனர், இதுவரை இன்ஷூரன்ஸ் கிளெய்ம் எதுவும் இல்லை. 33,000 கி.மீ. ஓடியிருந்தபோது 4.4 லட்சம் செலவழித்து மாடிஃபை செய்தேன்: 2 இன்ச் லிஃப்ட் சஸ்பென்ஷன் (95,000), அலாய் வீலோடு ஐந்து 285/70 ஆர்17 டயர் (1,65,000), சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சோடு இரும்பு பம்பர் (95,000), ரூஃப் ரேக், லைட் பார் (35,000), இன்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் ஸ்நார்கெல் குழாய் (18,000), இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றும் ஈசியூ ரீமேப் (32,000). கழற்றிய கம்பெனி பாகங்கள் எல்லாம் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. அப்பா, அம்மாவால் பின் சீட்டில் ஏற முடியவில்லை என்பதால் ஐந்து கதவு தார் ராக்ஸ் எடுக்க நினைக்கிறேன். ஷோரூமில் 9.2 லட்சமும் எக்ஸ்சேஞ்ச் போனஸ் 40,000-மும் தருவதாகச் சொல்கிறார்கள். இடுக்கியிலிருந்து ஒருவர், இருப்பது இருக்கிறபடியே 11 லட்சத்துக்குக் கேட்கிறார், ஆனால் பாதி ரொக்கமாகத் தருவாராம். வங்கிக் கடன் பாக்கி 1.9 லட்சம். இருபது லட்சத்துக்கு மேல் போட்ட வண்டியை ஒன்பது லட்சத்துக்குக் கொடுக்க மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் அந்த 4.4 லட்சத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அது செலவாகிவிட்ட பணம். எந்த வழியில் விற்றாலும் அது முழுதாகத் திரும்பாது. அந்தப் பாகங்களுக்கு இன்று என்ன கிடைக்கும், வண்டியில் மாட்டியபடி விற்றால் கூடக் கிடைக்குமா, கழற்றி விற்றால் கூடக் கிடைக்குமா என்று மட்டும் பாருங்கள். உங்கள் விஷயத்தில் கழற்றி விற்பதில்தான் பணம் இருக்கிறது.

ஷோரூம் ஏன் 9.2 சொல்கிறது? எக்ஸ்சேஞ்சில் வரும் வண்டியை அவர்கள் பெரும்பாலும் தரகருக்கோ பழைய கார் வியாபாரிக்கோ கைமாற்றி விடுவார்கள். அந்த வியாபாரியிடம் வருபவர்களில் பலர் கடனில் வாங்குகிறவர்கள். பழைய காருக்குக் கடன் தரும் நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் லிஃப்ட் கிட்டுக்கும் வின்ச்சுக்கும் ஒரு ரூபாய்கூடப் போட மாட்டார். மாறாக, இந்த வண்டி காட்டிலும் சேற்றிலும் அடிபட்டது என்று எழுதி மதிப்பைக் குறைப்பார். அதனால் ஷோரூம்காரர் உங்கள் 4.4 லட்சத்தைக் கூட்டாததோடு, கம்பெனி நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவையும் கழித்துத்தான் விலை சொல்கிறார்.

சட்டச் சிக்கலும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் பதிந்திருக்கும் தயாரிப்பாளரின் விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவு இடம் தருகிறது. இரும்பு பம்பர், புல் பார் வகையறாக்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. விவரம் தெரிந்த வாங்குபவர் இதையெல்லாம் காட்டித்தான் பேரம் பேசுவார்.

இனி கணக்கு. கீழே பாகங்களுக்கும் கம்பெனி நிலை வண்டிக்கும் போட்டிருப்பவை என் மதிப்பீடுகள். உங்கள் ஊர் நிலவரத்தை விசாரித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

25,000 கி.மீ. ஓடிய சஸ்பென்ஷன் கிட், ஷாக்கில் ஆயில் கசிவு இல்லையென்றால் 32,000 வரை போகும். பட்டன் பாதி மிச்சமுள்ள டயர், அலாய் ஐந்தும் செட்டாக 68,000. பம்பரும் வின்ச்சும் சேர்த்து 45,000. ரேக், லைட் பார் 12,000. ஆக 1.57 லட்சம். ரீமேப்புக்கு எதுவும் கிடைக்காது. பழைய பாகங்களை மாட்டும் கூலி, வீல் அலைன்மென்ட், வயரிங் சரிசெய்வது, அடிப்பாகம் கழுவுவது எல்லாம் சேர்த்து 20,000 வைத்துக்கொள்ளுங்கள். கையில் நிற்பது 1.37 லட்சம்.

போனஸையும் சரிபார்க்க வேண்டும். “எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் வாங்கினால் ரொக்கத் தள்ளுபடி எவ்வளவு?” என்று தனியாகக் கேளுங்கள். 15,000 என்று சொன்னால் உண்மையான எக்ஸ்சேஞ்ச் போனஸ் 25,000 மட்டுமே. அப்படி வைத்துக்கொண்டால், வண்டியை இப்படியே ஷோரூமில் விட்டால் 9.45 லட்சம். கம்பெனி நிலைக்குக் கொண்டுவந்தபின் ஷோரூம் 9.9 சொன்னால், போனஸும் பாகங்கள் விற்ற பணமும் சேர்ந்து 11.52 லட்சம். அதே வண்டியை நேரடியாக ஒரு குடும்பத்துக்கு 10.6-க்கு விற்றால் 11.97 லட்சம். இடுக்கிக்காரர் தருவது 11 லட்சம்.

இப்படியே எக்ஸ்சேஞ்ச் விடுவதற்கும் கழற்றிவிட்டு எக்ஸ்சேஞ்ச் விடுவதற்கும் வித்தியாசம் 2 லட்சத்துக்கு மேல். இரண்டு மூன்று வார வேலைக்கு இது நல்ல பணம். புது வண்டிக்கு வாங்கும் கடனில் 2 லட்சம் குறைந்தால், 9% வட்டி, ஐந்து வருடம் என்ற கணக்கில் மாதத் தவணை சுமார் 4,150 ரூபாய் குறையும். கடைசிவரை பார்த்தால் மிச்சம் 2.49 லட்சம்.

நேரடி விற்பனையில் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 45,000. அதற்காக ஒன்றரை, இரண்டு மாதம் ஆட்களுக்கு வண்டி காட்ட வேண்டும், டெஸ்ட் டிரைவ் தர வேண்டும். பேரம், ஆர்.டி.ஓ. வேலை எல்லாம் உங்கள் தலையில். ராக்ஸ் உடனே தேவை என்றால் இந்த 45,000-ஐ விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. வித்தியாசம் 75,000-ஐத் தாண்டினால் நேரடியாக விற்பதைப் பற்றி யோசியுங்கள். விலை தெரிய இணையத்தில் வரும் விளம்பரங்களை மட்டும் நம்ப வேண்டாம். அவை கேட்கும் விலை, விற்ற விலை அல்ல. 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி குறைந்து புது வண்டி விலை இறங்கியபின் பழையவையும் இறங்கிவிட்டன. அதற்கு முந்தைய விலைகள் உங்களுக்கு உதவாது.

கழற்றும் வேலையை எந்த வரிசையில் செய்வது என்பது முக்கியம். பாகங்களுக்கு முதலில் ஆள் பிடியுங்கள், பிறகு கழற்றுங்கள். வண்டியில் மாட்டியிருக்கும்போதே படம் எடுத்து, வின்ச் இழுப்பதை வீடியோ எடுத்துக் காட்டினால் நம்பி வாங்குவார்கள். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத் தேதிக் குறியீட்டையும் படம் எடுத்து அனுப்புங்கள். 3422 என்றால் 2022-ம் ஆண்டு 34-வது வாரம் தயாரானது. எல்லாவற்றையும் ஒரே ஒர்க்‌ஷாப்பில் ஒரே நாளில் கழற்றி மாட்டினால் கூலி மிச்சம்.

பழைய ஸ்பிரிங், ஷாக்கை மாட்டும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். சஸ்பென்ஷன் ஆர்ம் போல்ட்டுகளை வண்டி ஜாக்கில் தொங்கும்போது இறுதியாக முறுக்கக் கூடாது. வண்டி நான்கு சக்கரத்தில் தரையில் நிற்கும்போதுதான் முறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே இருந்து சில மாதங்களில் கிழிந்துவிடும். பிறகு அலைன்மென்ட், ஹெட்லைட் உயரம் இரண்டையும் சரிசெய்யுங்கள். லிஃப்ட் செய்த வண்டியில் முன் டிரைவ் ஷாஃப்ட் அதிகக் கோணத்தில் சுழன்றிருக்கும். அதன் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா, மேல் பால் ஜாயின்ட் ஆடுகிறதா, வீல் பேரிங் இரைகிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். டிஃபரன்ஷியல் ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அதைச் சரிசெய்துவிட்டு பில்லை வைத்துக்கொள்ளுங்கள். ரீமேப் செய்தவரிடம் பழைய ஃபைல் இருக்கும். அதைத் திரும்ப ஏற்றிவிட்டு, மேட்டில் உயர் கியரில் அழுத்தும்போது கிளட்ச் வழுக்குகிறதா என்று ஓட்டிப் பாருங்கள்.

ஸ்நார்கெலை மட்டும் கழற்ற வேண்டாம் என்பேன். அதற்காக ஃபெண்டரில் ஓட்டை போட்டிருப்பார்கள். ஸ்நார்கெலுக்கு 5,000 கிடைக்கலாம், ஃபெண்டர் மாற்றிப் பெயிண்ட் அடிக்க அதைவிடப் பலமடங்கு ஆகும். புதுப் பெயிண்ட்டை அளவுக் கருவி வைத்துப் பார்க்கும் மதிப்பீட்டாளர், விபத்தில் சிக்கிய வண்டி என்று எழுதிவிடுவார். இருக்கட்டும், இருக்கிறது என்று சொல்லியே விற்றுவிடுங்கள். கம்பெனி டயர்களும் 33,000 கி.மீ. ஓடியவைதான். பட்டன் 3 மி.மீ.க்கு மேல் இருந்து வெடிப்பு இல்லையென்றால் அவற்றையே மாட்டுங்கள். விற்கப்போகும் வண்டிக்குப் புது டயர் போட்ட பணத்தில் பாதிகூட வராது.

மீட்டர் விஷயத்தையும் வாங்குபவரிடம் சொல்லிவிடுவது நேர்மை. உங்கள் மாடலின் 255/65 ஆர்18 டயரைவிட 285/70 ஆர்17 விட்டத்தில் 5% பெரியது. பெரிய டயரில் ஓடிய 25,000 கி.மீ. உண்மையில் 26,300 இருக்கும். வித்தியாசம் 1,300 கி.மீ. மட்டுமே என்பதால் விலை குறையாது, நம்பிக்கைதான் கூடும்.

இடுக்கிக்காரரின் 11 லட்சத்தை நான் ஏற்க மாட்டேன். ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வாங்கியவர் மீது, அதாவது உங்கள் மீது விழும். தவிர, கேரளாவில் மறுபதிவு செய்ய ஃபார்ம் 28-ல் என்.ஓ.சி. (ஆட்சேபணையின்மைச் சான்று) எடுத்து, அங்கே மீண்டும் வரி கட்ட வேண்டும். அங்குள்ள மோட்டார் வாகனத் துறை மாடிஃபிகேஷன் விஷயத்தில் கறாரானது. பதிவு சிக்கினால் அவர் உங்களிடம்தான் திரும்பி வருவார், வண்டியும் உங்கள் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். முழுப் பணமும் வங்கி வழியாக, பெயர் மாற்றத்துக்கான என்.ஓ.சி. கைக்கு வந்தபின்தான் டெலிவரி என்று ஒப்புக்கொண்டாலும், 11.52-க்குக் குறைவாக ஏன் கொடுக்க வேண்டும்?

கடன் பாக்கி 1.9 லட்சத்துக்கு வங்கியில் ஃபோர்க்ளோஷர் கடிதம் (இப்போதே முழுதாக அடைக்க எவ்வளவு என்ற கணக்கு) வாங்குங்கள். நிலையான வட்டிக் கடன் என்றால் முன்கூட்டி அடைக்கும் கட்டணமும் அதன்மேல் 18% ஜிஎஸ்டியும் இருக்கலாம். மேலே போட்ட எல்லா வழிகளிலும் அது ஒன்றாகவே கழியும் என்பதால் முடிவை மாற்றாது. எக்ஸ்சேஞ்ச் என்றால் ஷோரூமே வண்டி விலையிலிருந்து அடைத்துவிடும். நேரடி விற்பனை என்றால் முதலில் நீங்கள் அடைத்து, வங்கி என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-ம் வாங்கி, ஆர்.சி.யில் ஹைப்பாத்திகேஷனை (வங்கிக் கடன் பதிவை) நீக்கிவிட்டு விளம்பரம் கொடுங்கள். சொந்த உபயோகக் கார் என்பதால் விற்ற பணத்துக்கு வருமான வரி இல்லை, நஷ்டத்தையும் எதிலும் ஈடுகட்ட முடியாது. தொழில் கணக்கில் தேய்மானம் எடுத்திருந்தால் மட்டும் ஆடிட்டரிடம் பேசுங்கள்.

நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது, வண்டியுடையது அல்ல. ஐந்து வருடம் தொடர்ந்து கிளெய்ம் இல்லையென்றால் 50%. விற்றதும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் அதற்கான சான்றிதழ் வாங்கி, ராக்ஸின் பாலிசியில் ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதம்) பகுதிக்குக் காட்டுங்கள். அந்தப் பகுதிக்கு 40,000 பிரீமியம் என்றால் 20,000 மிச்சம். பல ஷோரூம்களில் இதைக் கேட்டால்தான் கழிப்பார்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குப் பிடிக்கும் 1% டிசிஎஸ் என்ற வருமான வரிப் பிடித்தத்தை ரிட்டர்னில் திரும்பப் பெறலாம். தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையான காருக்கு 18% வாழ்நாள் வரி. அது திரும்பாத பணம். அதனால் வேரியன்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போது இப்போது நிஜமாகவே எத்தனை முறை ஆஃப்ரோடு போகிறீர்கள் என்று யோசித்து, ரியர் வீல் டிரைவ் போதுமா என்று பாருங்கள்.

ஷோரூமில் விட்டாலும் வெளியே விற்றாலும் சாவியைக் கொடுத்ததோடு பொறுப்பு முடியாது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இடையில் விபத்து நடந்தால் இழப்பீட்டு வழக்கு உங்கள் மீது வரும். அங்கீகாரம் பெற்ற டீலரிடம் விடும்போது ஃபார்ம் 29சி (வண்டியை டீலரிடம் ஒப்படைத்த அறிவிப்பு) பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து நகல் வாங்குங்கள். தனி நபருக்கு விற்றால் ஃபார்ம் 29, 30-ல் இருவரும் கையெழுத்திட்டு, மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவியுங்கள். தேதி, நேரம், மீட்டர் அளவு, வாங்குபவரின் அடையாள நகல் ஆகியவற்றோடு டெலிவரி ரசீது எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நிலுவையில் உள்ள இ-சலானைக் கட்டிவிட்டு, ஃபாஸ்டேகை மூடி, கண்ணாடியிலிருந்து பிய்த்துவிட்டுக் கொடுங்கள்.