பழங்கால ஆங்கிலேயர்கள் கிறிஸ்துமஸை எப்படிக் கொண்டாடினார்கள்?

மரமும் வாழ்த்து அட்டையும் இங்கிலாந்தில் பரவத் தொடங்கியது 1840-களில்தான். அதற்கு முன்பே பல நூற்றாண்டுகளாக அங்கே கிறிஸ்துமஸ் 12 நாள் திருவிழா. டிசம்பர் 25-ல் தொடங்கி ஜனவரி பிறந்தும் நீளும். முடிவு நாள் கேக்குக்குள் ஓர் அவரைக்கொட்டையும் ஒரு பட்டாணியும் ஒளித்திருப்பார்கள். கொட்டை கிடைத்தவர் அன்றைக்கு ராஜா, பட்டாணி கிடைத்தவர் ராணி.

நடுவில் தடையும் வந்தது. 1647-ல், ஆடம்பரச் சடங்குகளை வெறுத்த கண்டிப்பான புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களான பியூரிட்டன்கள் கை ஓங்கியிருந்த நாடாளுமன்றம் பண்டிகையையே ஒழித்தது. அந்த டிசம்பரில், கிறிஸ்துமஸ் அன்று கடை திறக்கச் சொன்னதற்காக கேன்டர்பரி நகரில் கலவரமே வெடித்தது. 1660-ல் மன்னராட்சியோடு பண்டிகையும் திரும்பியது.

ஆனால் அந்தக் காலத்து கிறிஸ்துமஸைப் புரிந்துகொள்ள அடுப்படிக்குத்தான் போக வேண்டும். உலர்பழங்கள் போட்டு வேகவைக்கும் இன்றைய கிறிஸ்துமஸ் புட்டிங், முதலில் ஒரு கஞ்சி! மாட்டிறைச்சிச் சாற்றில் ரொட்டித்தூள், உலர்திராட்சை, மசாலா போட்டுக் கொதிக்கவைத்தது. பிறகு இறைச்சி போய்க் கொழுப்பு மட்டும் தங்கியது, கஞ்சி இறுகி உருண்டையானது.

1845-ல் சமையல் நூலாசிரியர் எலைசா ஆக்டன் தந்த அளவு இது: மாவு, துருவிய ரொட்டி தலா 85 கிராம்; மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கெட்டிக் கொழுப்பு, விதை நீக்கிய உலர்திராட்சை, சின்னக் கறுப்புத் திராட்சை தலா 170; நறுக்கிய ஆப்பிள் 115; சர்க்கரை 140; பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல் 55; ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் சேர்ந்து அரைத் தேக்கரண்டி; துளி உப்பு, 3 முட்டை, ஒரு சிறு கிளாஸ் பிராந்தி. நன்றாக அடித்துக் கலந்து, துணியில் இறுக்கிக் கட்டி, மூன்றரை மணி நேரம் வேகவைக்க வேண்டும்.

கெடுவது பெரும்பாலும் துணியில்தான். வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, உள்பக்கம் மாவைத் தாராளமாகத் தூவ வேண்டும். அந்த மாவு பசையாகி நீரைத் தடுக்கும். தூவாவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கி, புட்டிங் சொதசொதவென்று ஆகிவிடும். தண்ணீர் தளதளவெனக் கொதிக்கும்போதுதான் மூட்டையை இறக்க வேண்டும். வற்றினால் கொதிநீரையே ஊற்ற வேண்டும். கொதி அடங்கினால் நீர் புகுந்துவிடும். பானையின் அடியில் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தால் அடிபிடிக்காது. பெரிய பானை இல்லாத ஏழை வீடுகளில் துணி வெளுக்கும் செப்புக் கொப்பரைதான் இதற்கும் உதவியது.

எடுத்ததும் சில நொடி பச்சைத்தண்ணீரில் முக்கினால் துணி ஒட்டாமல் உரியும். அவசரப்பட்டு இழுத்தால் மேல்தோலும் கூடவே பிய்ந்து வந்துவிடும்.