என்ஜின் நின்ற பிறகும் விமானம் பறக்குமா?

கேள்வி: ஒற்றை என்ஜின் கொண்ட சிறிய விமானத்தில் நடுவானில் என்ஜின் நின்றுவிட்டால் விமானம் அப்படியே விழுந்துவிடாதா? நடிகர் ஹாரிசன் ஃபோர்டு புறப்பட்ட ஓடுபாதைக்கே திரும்பாமல் கோல்ஃப் மைதானத்தில் இறங்கியது ஏன்? (வாசகர், கரூர்)

பதில்: விழாது. விமானத்தைத் தாங்கி நிற்பது இறக்கைகளைத் தழுவி ஓடும் காற்று. அந்தக் காற்றோட்டம் குறையாத வேகத்தைத் தருவதே என்ஜினின் வேலை. என்ஜின் நின்றதும் விமானி மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, உயரத்தைச் செலவழித்து அந்த வேகத்தைக் காத்துக்கொள்கிறார். பயிற்சிப் பள்ளிகளில் பரவலாக உள்ள செஸ்னா 172, காற்று வீசாத வேளையில், 1,000 அடி இறங்குவதற்குள் ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் தூரம் சறுக்கிச் செல்லும்.

ஆனால் நேராகச் சென்றால்தான் இந்தக் கணக்கு. புறப்பட்ட சில நொடிகளில் என்ஜின் நின்றால், ஓடுபாதையை நோக்கித் திரும்பவே விமானியின் மனம் துடிக்கும். அப்படித் திரும்பும்போது உயரம் விரைவாகக் கரைவதோடு, விமானம் சாயச் சாய, இறக்கைகள் தாங்குதிறனை இழக்காமலிருக்கத் தேவையான குறைந்தபட்ச வேகமும் கூடிக்கொண்டே போகும். அந்த வேகம் தவறினால், சுழன்று விழும் விமானத்தை மீட்கத் தரைக்கு மேல் இடமிராது. தாழ்வான உயரத்தில் என்ஜின் நின்றால் எதிரே தெரியும் வெட்டவெளியில் இறக்கு என்று பயிற்சியாளர்கள் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

2015 மார்ச் 5 அன்று ஃபோர்டு லாஸ் ஏஞ்சலஸ் அருகிலுள்ள சான்டா மோனிகா விமான நிலையத்திலிருந்து, இரண்டாம் உலகப் போர்க்காலப் பயிற்சி விமானமான ரயன் பி.டி.-22 ஒன்றில் தனியாகப் புறப்பட்டார். என்ஜின் நின்றதும் திரும்பி வருவதாகவே கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் சொன்னார். ஓடுபாதையை எட்ட முடியாது என்று தெரிந்தவுடன் பென்மார் கோல்ஃப் மைதானத்தைத் தேர்ந்தார். வழியில் ஒரு மரத்தின் உச்சியில் உரசித் தரையில் மோதியதில் பலத்த காயமடைந்தாலும் உயிர் பிழைத்தார். 72 வயதில் அந்தச் சில நொடிகளுக்குள் மனத்தை மாற்றிக்கொண்டதை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணையில் தெரியவந்த காரணம் மிகச் சிறியது: கார்புரேட்டரில் பெட்ரோலின் அளவைக் கட்டுப்படுத்தும் மெயின் ஜெட் (நம் பைக் மெக்கானிக்குகள் அன்றாடம் கழற்றிச் சுத்தம் செய்யும் அதே உறுப்பின் உறவுதான்) மரை கழன்று இருப்பிடத்தை விட்டு விலகியதால், பெட்ரோல் அளவுக்கு மீறிப் பாய்ந்து என்ஜின் அடைத்துக்கொண்டது. கார்புரேட்டர் பராமரிப்புக்குப் போதிய வழிமுறைகள் இல்லாததையும், தோள்வார் முறையாகப் பொருத்தப்படாததால் காயங்கள் கடுமையானதையும் வாரியம் தன் அறிக்கையில் பதிவு செய்துள்ளது.